கத்துற ஜீனு, வாய மூடுன ஜீனு

அந்த ஊசிய அப்பிடி வைம்மா. குத்தலாம், நான் வாணாங்கல. எங்க வூட்டுக்காரரு எங்கியும் ஓடிப் போவ மாட்டாரு, தூங்கிகினுதான் கீறாரு. நீ குந்து. மொதல்ல நீ சொன்னது எனுக்குப் புரிஞ்சுதான்னு நான் சொல்றேன், சரியான்னு பாரு. அன்னிக்கி ஆஸ்பத்திரில உங்க பெரிய டாக்டரு கடகடன்னு சொல்லிட்டுப் போனாரு, நானும் சரி சரின்னு தலய ஆட்னேன். இன்னிக்கி ஆட்ட மாட்டேன்.

இவுருக்கு மூளைல ரத்தக் கொயா வெடிச்சிச்சி. உள்ளயே ரத்தம் கொட்டி கட்டி ஆயிடிச்சி. மண்டய தொறந்து அத்த எடுத்தீங்கோ. எடுக்க சொல்லோ, கட்டிய ஒட்டிகினு கெட்டுப்போன சதை கொஞ்சம் கூட வந்துச்சி, அதுல துளியூண்டு ஆராய்ச்சிக்கு வச்சிகினீங்கோ. வச்சிக்கோன்னு கையெழுத்து போட்டது நான்தான். அந்த சதையில ஜீன பாக்குறீங்கோ. ஜீனு புச்சா ஒண்ணியும் வர்ல, பொறந்ததுலேந்து கீறதுதான். ஆனா ரத்தம் கொட்டுன எடத்துல சிலது கத்த ஆரம்பிச்சிடுது, சிலது வாய மூடிக்குது. வீங்க வக்கிற ஜீனு கத்துது. மூளைல செல்லுங்கள ஒண்ணோட ஒண்ணு பேச வக்கிற ஜீனு வாய மூடிக்குது. ரத்தம் நின்ன அப்பாலயும் இந்தக் கூச்சலு அடங்க மாட்டேங்குது. எது எப்ப அடங்குதுன்னு பாக்கத்தான் நீ எர்ணாவூர் வரைக்கும் பஸ்சு புடிச்சி, லிஃப்ட்டு ஓடாத வூட்டுக்கு மாடி ஏறி வந்து ரத்தம் எடுக்குற.

சரியா சொன்னனா. சரி.

இப்ப நான் சொல்றேன், நீ கேளு.

நீ வர சொல்லோ பக்கத்து வூட்டுக்காரம்மா உன்னாண்ட இன்னா சொல்லிச்சி? தங்கமான மனுசன், அவுருக்குப் போயி இப்பிடி ஆயிடிச்சேன்னு சொல்லியிருக்கும். வர்றவங்க எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்லுது. அந்தம்மா வூட்டுக்கும் எங்க வூட்டுக்கும் நடுவுல ஒரே செவுரு. அதும் ஒத்தக் கல்லு செவுரு. அவங்க வூட்ல டீவில இன்னா ஓடுதுன்னு எனுக்குத் தெரியும். எங்க வூட்ல இன்னா ஓடிச்சின்னு அதுக்குத் தெரியாதா? அப்பல்லாம் டீவி சத்தத்த கூட்டி வச்சிக்கும். இப்ப தங்கமான மனுசனாம்.

ஆமா, அடிப்பாரு. மூஞ்ச அப்பிடி வச்சிக்காத, நீ இன்னா பண்ணுவ. ஹார்பர்லேந்து கண்டெய்னரு ஏத்திகினு ட்ரெய்லர் ஓட்டுவாரு. ரோட்ல நாள் முச்சூடும் வரிசைல நின்னு நின்னு, வெயிலு, பொகை, பசி. அதான் கோவம்னு மொதல்ல நெனச்சிகினு இருந்தேன். வண்டி ஓட்டாத நாள்லயும் அடிச்சாரு. கொயம்புக்கு அடிச்சாரு, போன்ல யாராண்ட பேசுனன்னு அடிச்சாரு, நான் சும்மா இருந்ததுக்கும் அடிச்சாரு. பிரஷ்ஷரு மாத்திரைய கையில குட்த்தா, இன்னாடி என்ன நோயாளி ஆக்குறியான்னு அதுக்கும் அடி.

பொறந்த வூட்டுக்கு எப்பிடிமா போவ முடியும். நாங்க காசிமேட்டுல வேதக்காரங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க. எங்க அப்பாக்கு சொந்தமா மீன் புடிக்கிற போட்டு இருந்துச்சி. இதோ தூங்குறாரே, இந்தத் திருமலைதான் வோணும்னு ராத்திரியோட ராத்திரியா கெளம்பி வந்தவ நான். அப்பா சாவுக்குக் கூட தெருமுனைல நின்னு பாத்துட்டு வந்தேன். எந்த மூஞ்ச வச்சிகினு போயி கதவ தட்டுறது.

இப்ப எப்பிடி கீறாருன்னு கேளு. கேக்க மாட்டியா, நானே சொல்றேன். ஆஸ்பத்திரில கண்ண முழிச்சதும் மொத வார்த்த, ஜெமி. கண்ணாலம் ஆன இத்தினி வருசத்துல என்ன பேரு சொல்லி கூப்ட்டதே கெடையாது. ஏய், இல்லன்னா கெட்ட வார்த்த. என் பேரு ஜெமிமான்னு மறந்தே போயிருப்பாருன்னு நெனச்சேன். பேச்சு கொயகொயன்னுதான் வருது. ஆனா நான் சோறு ஊட்ட சொல்லோ ஸ்பூன தள்ளிட்டு கேக்குறாரு, ஜெமி, நீ துன்னியா? சமையக்கட்டுல சூடு பட்டு நான் ஸ்ஸுன்னா இங்கேந்து அயுவுறாரும்மா. போன வாரம் என் கைல ஒரு தயும்ப தொட்டு, இது இன்னா ஜெமி, யாரு பண்ணாங்கோன்னு கேட்டாரு.

யாரு பண்ணாங்களாம்.

எனுக்கு வந்துச்சி பாரு கோவம். தட்ட அப்பிடியே வச்சிட்டு பாத்ரூமுக்குள்ள போயி கொயாய தொறந்து வுட்டுட்டு நின்னேன். நீதான்யான்னு சொல்லலாம். சொன்னா இன்னா ஆவும்? கொயந்த மாரி மலங்க மலங்க முழிப்பாரு, அயுவாரு. மன்னிச்சிக்கோன்னு கூட சொல்லுவாரு, சொன்னது எதுக்குன்னு அவுருக்கே தெரியாது. எனுக்கு இவுரு மன்னிப்பு வாணாம்மா. அவன் கேக்கணும். அடிச்சானே, அவன். அவன் எங்க போனான்? அவன எங்க ஒளிச்சி வச்சீங்கோ? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, எதிர்ல நிக்க வச்சி நாக்க புடுங்கிக்கிற மாரி நாலு கேள்வி கேக்கணும்னு எத்தினி வருசமா மனசுல சேத்து வச்சிகினு இருந்தேன் தெரியுமா. ஆளே இல்லாம பண்ணிட்டீங்கோ.

அவுரு அக்கா பெரம்பூர்லேந்து ஹார்லிக்ஸோட வரும். எப்பிடி பாத்துக்கிற ஜெமிமா, எந்தம்பி குட்த்து வச்சவன்னு கண்ண தொடச்சிக்கும். அன்னிக்கி என் ஒதடு கியிஞ்சி அது வூட்டு வாசல்ல போயி நின்னப்ப, புருசன்னா அப்பிடித்தான் இருப்பான், அனுசரிச்சி போன்னு ஆட்டோ ஏத்தி அனுப்பிச்சி.

ஒண்ணு கேக்குறேன், கோச்சிக்காத. ரத்தம் கொட்டுனா மூளைல ஜீனு மாறும்னு சொல்றீங்கோ. ரத்தம் கொட்டாம வெறும் அடி வாங்குன மூளைல? ராவெல்லாம் படிக்கட்டுல செருப்பு சத்தம் கேக்குதான்னு காதத் தீட்டிகினு படுத்திருந்த மூளைல? அங்க எதுவும் கத்தலியா, எதுவும் வாய மூடிக்கலியா? என் தலைல எது வாய மூடுச்சின்னு பாக்க யாரு ஊசி எத்துகினு மாடி ஏறி வர்றாங்கோ? இன்னும் அந்தச் செருப்பு சத்தம் கேட்டா கைல கீறத போட்டுட்டு கதவுக்குப் பின்னால போயி நின்னுக்குறேன். பாத்தா எதுத்த வூட்டுப் பையன் ஏறி வருவான் அப்பாவியா. கூச்சலு எனுக்குந்தாம்மா அடங்கல.

அயுவாத. உன்ன திட்டல. உன்னத் தவிர வேற யாரு நான் பேசி முடிக்கிற வரிக்கும் குந்திகினு இருக்காங்கோ சொல்லு. அதான் உன்மேல கொட்டுறேன்.

இது மட்டும் சொல்லு. மருந்து கண்டுபுடிச்சி அந்த வாய மூடுன ஜீனெல்லாம் தொறந்து வுட்டா, பயையபடி ஆயிடுவாரா? பயையபடின்னா, எந்தப் பயையபடி?

ஓ. இவுருக்கு இல்லியா. இனிமே வர்றவங்களுக்கு, வுயுந்த ஒடனே குடுக்குறதுக்கா. இவுருக்கு ஆனது ஆனதுதான். சரி. நல்லதா கெட்டதான்னு தெரில, ஆனா அவன் திரும்பி வந்துடுவானோன்னுதான் நேத்து வரிக்கும் பயந்துகினு இருந்தேன். சுத்தமா தூக்கம் இல்ல. எடுத்துக்கோ, ரத்தம் எவ்ளோ வோணும்னாலும் எடுத்துக்கோ. வேற யாரு பொண்டாட்டிக்காவது உதவட்டும். உதவுமோ, உபத்திரவமோ.

இன்னா? வுயுந்த அன்னிக்கி இன்னா பண்ணிகினு இருந்தாருன்னா?

சோறு துன்னுகினு இருந்தாருன்னு ஆஸ்பத்திரில சொன்னேன். அவுரு அக்கா பக்கத்துலயே நின்னுச்சி. துன்னது நெசந்தான். துன்னுட்டு எயுந்து வந்து, என் தலமுடிய கைல சுத்தி, செவுத்துல மோத இஸ்துகினு போனாரு. நான் கண்ண மூடிகினேன். அடி வர்ல. எதுக்கு இவ்ளோ நேரம் ஆவுதுன்னு கண்ண தொறக்குறேன், அப்பிடியே என் மேல சாஞ்சி வுயுந்தாரு. நானும் கூடவே வுயுந்தேன். கண்ணு சொருகிகிச்சி, வாயி கோணிகிச்சி, முடிய மட்டும் வுடல. ஒவ்வொரு வெரலா நான்தான் பிரிச்சி வுட்டுட்டு, எயுந்து போயி ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணேன்.

முடிய புடிச்ச அதே சோத்தாங்கைதான் இப்ப வெளங்காம கெடக்குது. உங்க பிசியோ அம்மா சொன்ன மாரி, காலைலயும் சாயங்காலமும் எண்ண தடவி, மடக்கி மடக்கி நீட்டி வுட்டுகினு கீறேன், மறுபடியும் எதுனா புடிக்கட்டும்னு.