மயிரிழை உயரம்

எங்கள் வீட்டில் கறுப்பு டேப் சுருள் ரொட்டிப் பெட்டியின் மேல்தான் கிடக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. எடுத்து உள்ளே வைத்தால் என் புருஷன் ரோரிக்குக் கோபம் வரும். இந்த டிங்வால் ஊரில் பேக்பைப் வாசிக்கிற எவன் வீட்டுக்கும் போய்ப் பாருங்கள், உப்பு இல்லாமல் போகலாம், டேப் இல்லாமல் போகாது.

எதற்கென்று கேட்டீர்கள். பேக்பைப்பில் விரல் வைத்து வாசிக்கிற குழலை மரத்தில் கடைவது என் தொழில். துளை சீவாளிக்குக் கிட்டே இருந்தால் சுருதி ஏறும், தள்ளிப் போனால் இறங்கும். போட்ட துளையை நகர்த்த முடியாது. அதனால் அதன் மேல் விளிம்பில் துளி டேப் ஒட்டி மறைப்பார்கள். சுருதி கொஞ்சம் இறங்கும். அந்த டேப்பை மயிரிழை ஏற்றிவிட்டால் சுருதியும் ஏறிவிடும். பக்கத்தில் ஒத்துக்குழல்கள் விடாமல் முழங்குவதால், அந்த மயிரிழை சோற்றில் கல் கடிபட்ட மாதிரி கேட்கும்.

ரோரியை நியூசிலாந்தில் ஒரு பள்ளிக்கூடம் பேக்பைப் வாத்தியாராகக் கூப்பிட்டது. மே மாதம் விமானம்.

"நீயும் வாயேன் ஊனா, அங்க மரமா கிடைக்காது?" என்றான்.

"கடைசல் எந்திரத்த முதுகுல கட்டிக்கிட்டு வரவா?" என்றேன்.

சிரித்தான். நான் வராவிட்டாலும் போய்விடுவான் என்று அந்தச் சிரிப்பில் தெரிந்தது. பத்தொன்பது வருஷக் குடித்தனம், ஐயா.

ரோரி தபால்காரன். மாலையில் சுருதி சேர்த்து டேப் ஒட்டுவான். காலையில் அவன் பையோடு கிளம்பியதும் அந்த டேப்பை நான் மயிரிழை நகர்த்துவேன். ஒருநாள் மேலே, ஒருநாள் கீழே. இன்று ஒரு துளை, நாளை இன்னொன்று. சீவாளியை மாற்றினான், காற்றுப் பையை மாற்றினான். ஆறு வாரத்தில் தன்னையே சந்தேகப்பட்டான்.

"உண்மையச் சொல்லு ஊனா. கோளாறு குழல்லயா, என் காதுலயா?"

குழலை நீட்டினான். எட்டுத் துளைகளையும் அவன் முன்னாலேயே அளந்தேன். "துளை ஒண்ணும் ஒரு இம்மி நகரல ரோரி" என்றேன். அதில் பொய் இல்லை.

"அப்ப காதுதான்" என்றான். நான் அளவுகோலை உறைக்குள் போட்டேன்.

வரவில்லை என்று பள்ளிக்கு எழுதிப் போட்டான். விமானம் போனதும் டேப்பை ஒழுங்காக ஒட்டிவிட்டு, காது தேறிவிட்டது என்று அவனைக் கட்டிக்கொண்டு சொல்ல இருந்தேன். நாலே நாள்தான் பாக்கி. புதன்கிழமை காலையில் குழலைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டுக் கடலுக்குள் நடந்து போய்விட்டான். பாவி, நாலு நாள் பொறுத்திருக்கக் கூடாதா.

எழுதிக்கொள்ளுங்கள், நகர்த்தியது நான்தான்.

கரை ஒதுங்கிய அவன் உடலை ஊருக்குக் கொண்டுபோக லூயிஸ் தீவிலிருந்து அவன் அக்கா பெகி வந்திருந்தாள். "அப்பா பக்கத்துலயே படுக்கட்டும், அவனக் குடுத்துரு ஊனா" என்று காலைப் பிடிக்காத குறையாக அழுதாள். நான் கொடுக்கவில்லை. கடல் தாண்டி அவ்வளவு தூரம் என்னை விட்டுப் போக அவனுக்கு ஒருநாளும் மனசு வந்ததில்லை, ஐயா.