கண்ணாடி அடுப்பில் மாக்கோலம்

விஜயநகரிலிருந்து வரும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“தீயே வராத அடுப்புக்கு எங்க மாமியார் தினமும் கோலம் போடறாங்கக்கா” என்றாள் ஜன்னலோரத்தில் இருந்த இளையவள். நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

“உன் கொழுந்தனார் ஜப்பான்லேருந்து கொண்டுவந்தாரே, அந்தக் கரண்ட் அடுப்புக்கா? மேல வெறும் கண்ணாடியாச்சே, கீறல் விழாதா?” என்று கேட்டார் மூத்தவர்.

“முதல் நாள் கல்லுமாவுல போட்டு விழுந்துருச்சு. இப்போ அரிசிமாவைக் கரைச்சு விரலாலதான் போடறாங்க.”

“சும்னே எதுக்கும்மா இந்த வேலை?” என்று கன்னடம் கலந்து கேட்டார் மூத்தவர்.

“நானும் அப்படித்தான் நெனச்சேன். பாத்திரத்தை இறக்கினப்புறமும் கண்ணாடி சுடுதுக்கா. பாத்தா ஒண்ணும் தெரியாது. என் பொண்ணு ஒருநாள் கை வைக்கப் போயிட்டா. அன்னிலேருந்து மாமியார் சமையல் முடிஞ்சதும் பிளக்கைப் பிடுங்கிடுவாங்க. நல்லா ஆறினப்புறம் துடைச்சுக் கோலம் போடுவாங்க. கோலம் இருந்தா தொடலாம், இல்லேன்னா கிட்டவே போகக்கூடாது. இன்னும் ஸ்கூலுக்கே போகாத குழந்தை, பாத்துட்டு ஒதுங்கிப் போறா! எனக்கு இந்த யோசனை வந்திருக்குமா?”

“ஹௌதா, அப்படியா?” என்ற மூத்தவர் தன் கையைப் பார்த்தார்.

“அதான் நேத்து உங்க வீட்டுல, கோலம் இல்லாதப்போ, அதுமேல பையை வைக்கப் போனப்போ என் கையைத் தட்டிவிட்டாங்களா! மடி ஆசாரம் பாக்கறாங்கன்னு கோவிச்சுக்கிட்டு, போட்ட காப்பியைக்கூடக் குடிக்காம வந்துட்டேனே!”