சீட்டில் எழுதின ஊர்

– இந்தா பாரு தாயி, நீ தேடி வந்தவ காரியாபட்டிக்காரி. இது நாரணாபுரம். வந்த வழியே போ.

– காரியாபட்டிக்குப் போயிட்டுத்தான் ஐயா வர்றேன். சின்னத்தாய் அம்மாவோட தம்பி கருப்பணன்தான் வழி சொல்லி அனுப்புனாரு. அவங்க வீட்டுக்காரர் ராக்கப்பன் நீங்கதானே?

– அந்தப் பயலுக்கு வாய் நிக்காதே. நாந்தான். அவ செத்து மூணு வருசம் ஆச்சு. இப்ப என்ன?

– என் பேரு பானுப்பிரியா. அவங்களுக்கு ஆபரேசன் பண்ணின மதுரை ஆஸ்பத்திரியில இருந்து வர்றேன். ஒரு கையெழுத்து வேணும்.

– எங்கப்பன் ஒரு கைநாட்டு வச்சான், நாலு குறுக்கம் நெலம் போச்சு. உன்னைய அனுப்புனது கம்பெனிக்காரன்தானே?

– எந்தப் பட்டாசுக் கம்பெனியும் இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. அன்னிக்கு எடுத்த கட்டியில ஒரு துண்டு எங்ககிட்ட இருக்கு, மெழுகுல பொதிஞ்சு வச்சிருக்கோம். அதை மறுபடி சோதிக்கணும்.

– என்ன இருக்கு?

– நகத்தளவு துண்டு. கெட்டுப்போகாது.

– அம்புட்டையும் எரிச்சு, சாம்பல வைப்பாத்துல கரைச்சுட்டு வந்தேனே. ஒண்ணுமே மிச்சமில்லைன்னுல கெடந்தேன். அவ அங்கனயா இருக்கா?

– துண்டு மட்டும்தான் ஐயா.

– நான் வந்தா காட்டுவீகளா?

– டாக்டரைக் கேட்டுச் சொல்றேன். ஆனா பாத்தா உங்களுக்கு அடையாளம் தெரியாது.

– முப்பது வருசம் கூட இருந்தவனுக்கா? அத விடு. எதுக்குச் சோதனை?

– மார்புப் புத்துநோயில ஒரு பொல்லாத ரகம் இருக்கு. மத்த ரகத்துக்குக் கேக்குற சில மாத்திரை, ஊசி இதுக்குக் கேக்காது. சின்ன வயசுலயே வந்து வெரசாப் பரவிரும். அது எந்தப் பக்கம் அதிகம்னு எங்க டாக்டர் ஊர் ஊரா எண்ணுறாரு. எண்ணினதை எல்லாம் மறுபடி சோதிச்சு உறுதி பண்ணணும். அதிகமா உள்ள பக்கத்துக்கு மாசாமாசம் வண்டி போயி பொம்பளைங்களைச் சோதிக்கும்.

– எங்கன அதிகமாம்?

– காரியாபட்டிப் பக்கம். ஆறு பேரு. இந்தப் பட்டாசு ஊர்கள்ல ஒருத்தர்கூட இல்ல. அதனால வண்டி அங்கதான் போகும்.

– ஒருத்தர்கூட இல்லையா?

– எங்களுக்கும் ஆச்சரியம்தான். ஏன்னு இன்னும் தெரியல. நீங்க அவங்க போனப்புறம்தானே இங்க குடிவந்தீங்க?

– பதினேழு வயசுல இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவ. விடிஞ்சா கம்பெனி வேன், பொழுதடைஞ்சா இந்த அடுப்படி. வேற எங்கன இருந்தா?

– அப்போ ஆஸ்பத்திரிச் சீட்டுல காரியாபட்டின்னு இருக்கே!

– நாந்தான் சொன்னேன். நாரணாபுரம்னு எழுதினா மறுபடி வரச் சொல்லி உங்க கார்டு இங்கன வரும். தபால்காரன் தெரு பூரா வாசிச்சுட்டுத்தான் கையில குடுப்பான். நெஞ்சுல கட்டின்னு தெரிஞ்சா போர்மேன் வேன்ல ஏத்த மாட்டான். மகளுக்கு மாப்பிள்ளையும் வராது. மச்சினன் வீட்டுக்குப் போகட்டும்னு அந்த ஊரைச் சொன்னேன்.

– இதை நான் மாத்தி எழுதியாகணும் ஐயா.

– பொறு. படுத்த படுக்கையில தெனமும் கேட்டா. "எங்க ஊருக்கு ஒருக்காக் கூட்டிட்டுப் போங்க, கம்மாக்கரையில செத்த உக்காந்துட்டு வந்துருவோம்"னா. சீசன் முடியட்டும் கழுத, இப்ப என்ன அவசரம்னேன். தீவாளிக்கு நாலு நாளு முன்னால போயிட்டா. அவ ஊருக்குப் போனது உன் சீட்டுல மட்டுந்தான் தாயி. அதையும் அழிக்கணுங்கிற.

– அழிக்கலைன்னா வண்டி இங்க வராதே ஐயா. உங்க மக எங்க?

– பாண்டிச்செல்வியா? காலையில போனா. அதே வேன்லதான்.

– அவளுக்காகவாவது யோசிங்க.

– யோசிக்க என்ன இருக்கு. அவ ஆத்தாளே இருந்தா, "மகள விட என் ஊரு பெருசா"ன்னு என்னையத்தான் வஞ்சிருப்பா. எழுது. நாரணாபுரம். மை இருக்கா?

– இந்தாங்க. கட்டைவிரலை இங்க வைங்க. நன்றி ஐயா. ஆனா உள்ளதைச் சொல்லிர்றேன். ஒருத்தர் ஊரை மாத்துனதுல வண்டி இங்க திரும்பாது. காரியாபட்டிக் கணக்குல இன்னும் அஞ்சு பேரு இருக்காங்க.

– அந்த அஞ்சு பேரும் காரியாபட்டிப் பக்கமிருந்து இந்த ஊருக்கு வாக்கப்பட்டவளுகதான். எதுத்த வீட்டுப் பத்திரகாளியில இருந்து மேலத்தெரு செல்லக்கனி வரைக்கும், ஒவ்வொருத்தி புருசன்கிட்டயும் "அவ அம்மா வீட்டு ஊரை எழுதிக் குடுலே, ஒரு பயலுக்கும் தெரியாது"ன்னு சொல்லி அனுப்புனவன் நாந்தான் தாயி.