சந்தை நாள் தெரிந்த கப்பல்காரன்

— ஹலோ, டியர்? லைன் கட்டாயிடுச்சா? நான் கேட்டதுக்குப் பதிலே காணோமே.

— கட்டாகல டேவிட். இங்கதான் இருக்கேன். நீங்க கேட்டதுக்கு அப்புறம் சொல்றேன். மொதல்ல நான் கேக்குறதுக்குச் சொல்லுங்க. நேத்து திருப்பத்தூர் போயிட்டுப் பஸ்சுக்கு நின்னு நின்னு கால் வீங்கிப்போச்சுன்னு சொன்னேன்ல?

— ஆமா, சொன்னீங்க. பாவம்.

— அதுக்கு நீங்க என்ன சொன்னீக?

— ரெஸ்ட் எடுங்கன்னு சொன்னேன் டியர்.

— அது பின்னாடி. அதுக்கு முன்னாடி, சந்தை நாளாப் பாத்தா போவீங்க, கோழிக் கூடையும் மூட்டையுமா ஏறிருவாங்களே, நிக்கக்கூட இடம் இருக்காதேன்னு சொன்னீக. நான் சந்தைன்னு வாயே தொறக்கல.

— அது... சும்மா கெஸ் பண்ணேன் டியர்.

— பெங்களூர்ல பொறந்தீக, லண்டன்ல வளந்தீக, கப்பல்ல இன்ஜினியரு. இந்தப் பக்கமே வந்ததில்லேன்னீக. எங்க பக்கத்துச் சந்தை நாளு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— கூகுள்ல பாத்தேன். நீங்க இருக்குற ஊரைப் பத்தித் தெரிஞ்சுக்க ஆசை. மேரி, நீங்க பேசற ஒவ்வொரு ஊரையும் நான் தேடிப் பாப்பேன்.

— பஸ்சுல கோழிக் கூடை ஏறுறதெல்லாமா கூகுள்ல போட்டிருக்கு?

— டியர், ப்ளீஸ். இது சண்டை போடற நேரம் இல்ல. உங்களுக்கு நான் அனுப்புன கிஃப்ட் பார்சல் ஏர்போர்ட்ல நிக்குது. நாளைக்குள்ள பணம் கட்டலைன்னா கஸ்டம்ஸ்ல என் பேர்ல கேஸ் போட்டுருவாங்க. நீங்க அனுப்பிட்டீங்கன்னா கிறிஸ்துமசுக்கு நான் காரைக்குடில உங்க பக்கத்துல இருப்பேன்.

— பணம் ரெடியா இருக்கு. மத்தியானம் பேங்கு வாசல் வரைக்கும் போயிட்டேன். படியில கால் வைக்கிறப்ப அந்தக் கோழிக் கூடை நெனப்பு வந்துருச்சு. திரும்பி வந்துட்டேன். இப்ப ஒண்ணு செய்யுங்க. கேமராவப் போட்டு ஒருக்கா மூஞ்சியக் காட்டுங்க. காட்டுன கையோட நான் அனுப்பிர்றேன்.

— கப்பல்ல வீடியோ வராதுன்னு எத்தனை தடவை சொல்லிருக்கேன் டியர்.

— ஏப்பா, நீ எந்த ஊருப்பா?

— டியர்...

— கேக்குறேன்ல. திருப்பத்தூருக்கு இங்குட்டா, அங்குட்டா? சொல்லு.

— அங்குட்டுங்க.

— மாதாவே!

— வச்சுராதீக. உங்களக் கும்புடுறேன், போன வச்சுராதீக. பாதியில வச்சுட்டீகன்னா என்னைய உரிச்சுருவாக. திட்டுங்க, எம்புட்டு வேணும்னாலும் திட்டுங்க. லைன்ல மட்டும் இருங்க.

— திட்டவா? உன்னையத் திட்ட எனக்கு வாயி வருமாடா? அப்ப டேவிட்டுன்னு ஒரு ஆளே இல்லையா?

— இல்லங்க.

— அந்தப் போட்டோ? வெள்ளைச் சட்டை, தோள்ல பட்டை?

— எவன் போட்டோவோ. எங்க எல்லாருக்கும் அதே போட்டோதான்.

— நீ சிரிக்கிறியா? சிரிக்கிற மாதிரி கேக்குது.

— சிரிக்கணும்ங்க. பின்னாடி ஒருத்தன் கம்ப வச்சுக்கிட்டு நடந்துக்கிட்டே இருக்கான். அவனுக்குத் தமிழ் தெரியாது. மூஞ்சியத்தான் பாப்பான். லவ் பண்ற மூஞ்சியா இருக்கணும். நான் உங்ககிட்ட உண்மையச் சொல்றது அவனுக்குத் தெரியாது, சிரிப்பு நின்னா தெரிஞ்சுரும்.

— சிரிச்சுக்கிட்டே குடியக் கெடுத்தியேடா.

— ஓ மை டியர், ஐ மிஸ் யூ சோ மச் டியர், ஹா ஹா, வெரி சூன் டியர்...

— என்னடா இது?

— பக்கத்துல வந்தான். இப்பப் போயிட்டான். மன்னிச்சுக்கங்க டியர்.

— டியருங்காத! இன்னொருக்கா அந்த வார்த்தையச் சொன்ன, போன வச்சுருவேன். உனக்கு என்ன வயசு?

— இருவத்திரண்டு.

— எனக்கு நாப்பத்தாறுடா. உன்கிட்ட முப்பத்தெட்டுன்னு சொன்னேன். உங்க ஆத்தா வயசு இருக்கும் எனக்கு. சின்னம்மான்னு கூப்பிடு.

— சரி... சின்னம்மா.

— அய்யோ, அதக் கேக்கவும் கூசுதே. உன்கிட்டப் போயி நான் என்னென்ன பேசியிருக்கேன். இப்படியே கட்டில்ல இருந்து எந்திரிக்காமச் செத்துப்போனா தேவலைன்னு இருக்கு.

— அப்படியெல்லாம் பேசாதீக.

— முடிக்கு மை அடிச்சேன்டா உனக்காக. ஊதாச் சேலை உங்களுக்கு எடுப்பா இருக்குன்னு சொன்ன பாரு, அதக் கட்டிக்கிட்டு ஆபீசுக்குப் போனேன். பள்ளிக்கூடத்துல கிளார்க்கு வேலை பாக்குற பொம்பள, புருசன் போனதுல இருந்து வெளிர் சேலை தவிர ஒண்ணும் உடுத்தாதவ. டீச்சருக எல்லாம் ஒரு மாதிரியாப் பாத்தாக. அன்னைக்குச் சந்தோசமா இருந்துச்சு. இப்ப நெனச்சா உடம்பெல்லாம் எரியுது.

— சின்னம்மா...

— என் நாத்தனா வின்சி வந்தா. என்ன மதினி, தன்னாலச் சிரிக்கிறீகன்னா. போன்ல யாரோ ஜோக்கு அனுப்புனாகன்னு சொன்னேன். அவ நம்பல. நம்பாத மாதிரி ஒரு பார்வை பாத்துட்டுப் போனா. அவகிட்டயாச்சும் சொல்லித் தொலச்சிருக்கலாம்.

— சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். யாருகிட்டயும் சொல்ல வேணாம், கண்ணு பட்டுரும்னு மொத வாரமே உங்ககிட்டச் சொன்னேன்ல? அதுதான் இங்க எங்களுக்குச் சொல்லிக் குடுக்குற மொதப் பாடம். மனசுக்குள்ள வச்சுப் பூட்டிக்கிட்டவுகதான் பணம் கட்டுவாக. அப்புறம் வெக்கப்பட்டு வெளிய சொல்லவும் மாட்டாக.

— சாயங்காலம் ஆனா ஜெபமாலை சொல்லுவோமேடா. நீ முன்னால சொல்லுவ, நான் பின்னால சொல்லுவேன். அதுவுமா?

— அதுவுந்தான். உங்க வாட்ஸ்அப் சாமி படத்தப் பாத்துட்டு, இந்தம்மாவுக்கு இதச் சொல்லுன்னு எழுதி நீட்டுனாக. எனக்கு எங்க ஊரு ஐயனாரத் தவிர ஒண்ணும் தெரியாது. அருள் நிறைந்த மரியேன்னு தப்பும் தவறுமா வாசிச்சேன்.

— கப்பல் சத்தத்துல வார்த்தை சிதறுதுன்னு நெனச்சேன். பாவி மக, அப்படித்தான் நெனச்சேன்.

— போகப் போக மனப்பாடம் ஆயிருச்சு சின்னம்மா. இப்ப இவுக அடிக்கிறப்ப எனக்கு வாயில அதுதான் வருது. இது மட்டும் பொய்யில்ல. அழுகாதீக.

— நான் அழல. நீ சிரி. உன் பேரு என்ன?

— பாண்டிமுருகன்.

— எப்படிடா அங்க போயி மாட்டுன?

— டிப்ளமோ முடிச்சுட்டுச் சும்மா இருந்தேன். ஏஜெண்டு ஒருத்தன், வெளிநாட்டுல கம்ப்யூட்டர் வேலை, சாப்பாடு, ரூம்பு எல்லாம் ஃப்ரீன்னான். பிளேன்ல இருந்து இறங்குனதும் வேன்ல ஏத்தி, ஒரு ஆத்தத் தாண்டிக் கொண்டாந்து விட்டுட்டாக. பாஸ்போர்ட்டப் புடுங்கிட்டாக. சுத்தியும் கம்பி. என்னைய மாதிரி நம்ம பயலுக நெறையப் பேரு ஹால் ஹாலா உக்காந்திருக்கோம். ஒரு ஹால்காரன் இன்னொரு ஹால்காரன்கிட்டப் பேசக் கூடாது. ஆள் மாட்டலேன்னா அடி. மாட்டுனா கமிஷன்.

— கமிஷன் வேறயா. என் சங்கிலிய அடகு வச்சு உன் ஆஸ்பத்திரிச் செலவுக்குன்னு அனுப்புனேனே, அதுல உனக்குப் பங்கு வந்துச்சா?

— வந்துச்சு.

— வாங்குனியா?

— வாங்குனேன். வாங்கி வீட்டுக்கு அனுப்புனேன். பொய் சொல்ல இனிமே தெம்பு இல்ல சின்னம்மா. அன்னைக்குச் சோறு எறங்கல. ஆனா வாங்குனேன்.

— ஹும். நானும் சுத்தமானவ இல்ல. உன்கிட்ட எனக்குப் பிள்ளையே இல்லேன்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா?

— ஆமா.

— பொய்யி. மகன் இருக்கான். அலெக்ஸ். உன்னைய விட ஒரு வயசு கூட. அம்புட்டுப் பெரிய மகன் இருக்கான்னா என் வயசு தெரிஞ்சு நீ ஓடிருவேன்னு, பெத்த பிள்ளைய இல்லேன்னுட்டேன். இன்னைக்கு உனக்கு அனுப்ப இருந்த பணம் அவன் சம்பாத்தியம். வீட்டுக்கு மேல ரூம்பு கட்டுன்னு அனுப்புனான். அவனுக்குக் கல்யாணம் ஆனா இருக்குறதுக்கு.

— அய்யோ, அதத் தொடாதீக சின்னம்மா.

— தொடல. இனி தொடவும் மாட்டேன். ஆனா அவன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? இம்புட்டு வயசுல ஆத்தா ஆம்பளை தேடிப் போயி ஏமாந்தான்னு நாலு பேரு அவன்கிட்டச் சொல்ல மாட்டாகளா?

— தேடிப் போனது தப்பா? நாங்கதானே வந்து கதவத் தட்டுனோம். கேளுங்க சின்னம்மா, நேரம் இல்ல. இப்ப நான் வச்சதும் ஆன்லைன் மோசடிக்குன்னு இருக்குற போலீசு நம்பரு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுக்குப் போன் போடுங்க. ஒண்ணு, ஒம்பது, மூணு, சைபர். ஏற்கெனவே அனுப்புனதச் சொல்லுங்க, எந்தக் கணக்குக்குப் போச்சுன்னு சொல்லுங்க. மெசேஜ் ஒண்ணையும் அழிச்சுராதீக. வெக்கமா இருக்குன்னு எல்லாரும் மொதல்ல அதத்தான் அழிப்பாக.

— அதையெல்லாம் ஒரு போலீஸ்காரன் உக்காந்து வாசிப்பானேடா. நான் எழுதுனதையெல்லாம்.

— வாசிக்கட்டும். உங்க எழுத்துல அசிங்கம் ஒண்ணும் இல்ல சின்னம்மா. நான் எல்லாத்தையும் வாசிச்சவன். அம்புட்டும் பாசம்தான் இருக்கு. அசிங்கம் எல்லாம் எங்க பக்கம்.

— பேசத் தெரிஞ்ச பயலாத்தான் இருக்க. ஆளப் பாத்துத்தான் இந்த வேலைக்கு எடுத்திருக்கான். சரி, நீ எந்த ஊரு, உங்க ஆத்தா பேரு என்ன? வின்சிகிட்டச் சொல்லிட்டு, அவளையும் கூட்டிக்கிட்டு நாளைக்கு நேரா உங்க வீட்டுக்குப் போறேன். கலெக்டர் ஆபீசுல மனுக் குடுத்தா உன்னைய மீட்க வழி பாப்பாகல்ல?

— வேணாம். அது மட்டும் வேணாம்.

— ஏன்டா?

— எங்க ஆத்தாவுக்குத் தெரியக் கூடாது. நூறு நாள் வேலைக்குப் போற பொம்பள. மகன் வெளிநாட்டுல இருக்கான்னு ஊருக்குள்ள தலை நிமிந்து நடக்குது. நான் பொம்பளைகள ஏமாத்தித் திங்கிறேன்னு தெரிஞ்சா அது அரளிக் கொட்டைய அரைச்சுக் குடிச்சுரும்.

— எனக்கு மட்டும் தலை நிமிந்தா இருக்கு? வெக்கத்தப் பாத்துக்கிட்டு நீ அங்கயே கெடந்து சாகப் போறியா? ஆத்தா பேரச் சொல்லு.

— நாகவல்லி.

— நாகவல்லி என்னன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா? அவகிட்ட என்ன சொல்லி வச்சிருக்க?

— பாங்காக்ல பெரிய ஹோட்டல்ல பில்லுப் போடுற வேலைன்னு. நானா சொல்லல. இங்க இருக்குற எல்லாரும் அதத்தான் சொல்லணும். அந்தக் கமிஷன் காசக்கூட அவுகளே ஊருக்கு அனுப்பச் சொல்லுவாக. காசு வந்தா வீட்டுல சந்தேகப்பட மாட்டாகல்ல? ஞாயித்துக்கிழமை மட்டும் பேச விடுவாக. அப்பவும் பக்கத்துலயே ஆள் நிப்பான். வீட்டுக்குப் பேசுறப்பயும் இப்படியேதான், சிரிச்ச மூஞ்சி மாறக் கூடாது. நல்லா இருக்கேன், நல்லாச் சாப்புடுறேன். அம்புட்டுத்தான். சின்னம்மா? லைன்ல இருக்கீகளா? ஏன் பேச மாட்டேங்கிறீக?

— பாங்காக்குன்னா சொன்ன?

— ஆமா.

— ஹோட்டலா?

— அப்படித்தான் சொல்லச் சொல்லுவாக. ஏன் கேக்குறீக? ஆள் வர்றான் சின்னம்மா, ஓகே டியர், லவ் யூ டியர், ஹா ஹா... வச்சுருங்க. வச்சுட்டு இந்த நம்பரப் பிளாக் பண்ணிருங்க.

— வைக்காத! வச்சுராதய்யா, உன் கால்ல விழுறேன். அந்த ஹாலுக்குள்ள நல்லாச் சுத்திப் பாரு. எங்க அலெக்ஸும் பாங்காக் ஹோட்டல்லன்னுதான் சொல்றான், போன ஞாயித்துக்கிழமையும் என்கிட்டச் சிரிச்சுச் சிரிச்சுத்தான் பேசுனான்.