ஒன்பது முத்திரைச் சீட்டு

அன்று காலை என் செருப்பின் வாரை அவர்தான் மாட்டிவிட்டார். விடுதி அறையில், கட்டில் விளிம்பில் நான் உட்கார்ந்திருந்தேன். குனிந்தால் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும். அவர் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, வாரை ஒரு துளை தளர்த்தி மாட்டினார். "சாயங்காலம் கால் வீங்கும். இப்பவே இடம் விட்டு வைக்கணும்," என்றார். முப்பத்து மூன்று வருடம் நிலம் அளந்தவர். எதற்கும் முன்கூட்டியே இடம் விட்டு வைப்பார்.

இன்ஸ்பெக்டர் அம்மா, என் கணவர் நல்லவர் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். என்னைப் பற்றி அடுத்தவரிடம் ஒரு சொல் குறைவாகப் பேசியதில்லை. பின்னால் வருவதைப் படித்துவிட்டு நீங்கள் அவரைத் தவறாக நினைத்துவிடக் கூடாது.

வழக்குக் கோப்பை மூடிவிட்டோம் என்றீர்கள். "உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா, வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க," என்றீர்கள். வந்தேன். ஆனால் இங்கே என் மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்கு அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தவள் அவள். சுற்றிப் பார்க்கும் சீட்டையும் அவள்தான் வாங்கிக் கொடுத்தாள். "நான்தாம்மா அப்பாவக் கொன்னுட்டேன். இந்த வயசுல அவர அவ்வளவு தூரம் நடக்க விட்டது நான்தானே?" என்கிறாள். நாற்பது நாளாக இதையே சொல்கிறாள். அப்படியெல்லாம் பேசாதே என்று நானும் நாற்பது நாளாகச் சொல்கிறேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்தச் சீட்டு ஒரு மடிப்பு அட்டை. நகரத்தில் ஒன்பது இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு முத்திரை வைத்திருப்பார்கள். நாமே எடுத்துக் குத்திக்கொள்ள வேண்டியது. ஒரே நாளில் ஒன்பதும் முடித்தால் ஒரு சாவிக்கொத்து இலவசம். என் கணவரிடம் கட்டங்கள் உள்ள எதைக் கொடுத்தாலும் நிரப்பாமல் விடமாட்டார்.

அவர் எப்போதும் எனக்குப் பத்தடி முன்னால் நடப்பார். அது தொழில் பழக்கம். கல்யாணமான புதிதில் அவரே விளக்கினார். அளவுச் சங்கிலியின் முன்முனையைப் பிடித்துப் போகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கோடு வளைந்துவிடும். பின்முனையில் ஆள் இருக்கிறார் என்று நம்பிப் போக வேண்டும். தூரம் அதிகமானால் குரல் எட்டாது, கைதான் பேசும். ஒரு கையைத் தூக்கினால் 'அங்கேயே நில்'. இரண்டு கையையும் தூக்கினால் 'இங்கே வா'. முதல் வருடம் சந்தைக் கூட்டத்தில் அவர் இரண்டு கையையும் தூக்கி நிற்பார். நான் சிரித்துக்கொண்டு ஓடுவேன். போகப் போகக் கையும் நின்றுவிட்டது. முதுகு மட்டும் மிச்சம்.

ஒன்பது வருடத்துக்கு முன் கடைத்தெருவில் அவர் பின்னால் நடந்தபோது வழுக்கி விழுந்தேன். கணுக்கால் முறிந்தது. பழக்கடைக்காரர்தான் தூக்கி உட்கார வைத்து, வண்டி பிடித்து வீட்டுக்கு அனுப்பினார். நான் போய்ச் சேர்ந்தபோது மேசையில் இரண்டு கோப்பை காபி இருந்தது. என்னுடையதைத் தட்டால் மூடி வைத்திருந்தார். "எங்க நின்னுட்ட, கட்டை வண்டி? ஆறிடப் போகுதேன்னு மூடி வெச்சேன்," என்றார். என் காலைப் பார்த்ததும் அழுதுவிட்டார். நல்லவர் என்று சொன்னேன் அல்லவா?

அவருக்குப் பதினெட்டு வருடமாகச் சர்க்கரை. நான் மருந்துக்கடையில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். ஊசி போடுவது, வேளைக்குச் சாப்பாடு வைப்பது, சர்க்கரை சட்டென்று இறங்கினால் வாயில் மிட்டாய் போடுவது எல்லாம் என் பொறுப்பு. மிட்டாய் டப்பா என் கைப்பையில் இருக்கும். அவர் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள மாட்டார். "நீதான் பின்னாலயே வர்றியே, எனக்கு எதுக்கு தனியா?" என்பார்.

முந்தின நாள் மாலை, விடுதி அறையில் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அடுத்த மாதத்தோடு நான் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது ஏற்கெனவே முடிவாகியிருந்தது, அவர் முடிவு செய்திருந்தார். தாளில் பதினான்கு ஊர்கள். வரிசை எண், தூரம், ஊருக்கு ஊர் எத்தனை நாள். "இனிமே நம்ம காலம். சுத்தோ சுத்துன்னு சுத்தணும்," என்றார். கையெழுத்து அச்சுப் போல இருந்தது. நான் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார் என்றுகூட நினைக்கிறேன்.

நடை அதிகமான நாளில் காலை இன்சுலின் ஊசியைக் குறைக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. அன்று குறைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. ஆனால் அப்போது என் மனதில் எந்தத் திட்டமும் இல்லை. குறைக்கவில்லை, அவ்வளவுதான்.

எட்டு மணிக்குக் கோட்டை. மதிலைச் சுற்றி ஒரு முழு வட்டம். அடுத்தது அருங்காட்சியகம். அங்கே ஒரு ராஜாவின் கட்டில் முன் நின்று, "இதுல எந்த ராஜாவும் நிம்மதியாத் தூங்கியிருக்க மாட்டான். நம்ம வீட்டு ஆடற கட்டில்ல நான் தூங்கறேன் பாரு," என்றார்.

"நீங்க தூங்கறீங்க. தெருதான் முழிச்சிருக்கு," என்றேன்.

பக்கத்தில் நின்ற புதுக் கல்யாண ஜோடி சிரித்தது. அவர் அந்தப் பையனிடம், "தம்பி, குறட்டை விடறவன் பொண்டாட்டிதான் சீக்கிரம் எழுந்து காபி போடுவா. நல்லா கத்துக்கோ," என்றார். அந்தப் பெண் அவனை முழங்கையால் இடித்தாள். அது நல்ல காலைதான்.

மூன்றாவது பழைய சந்தைக் கூடம். நான்காவது, ஒரு காலத்தில் சிறைச்சாலையாக இருந்த இடம். நடுவில் காபி மட்டும் குடித்தோம், சர்க்கரை இல்லாமல். மணி பன்னிரண்டரை ஆனது. மணிக்கூண்டின் அடியில் நின்று, "இதையும் அந்தப் பாலத்தையும் முடிச்சுட்டு சாப்பிடலாமா?" என்று கேட்டார். உத்தரவு போடவில்லை, கேட்டார். வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் சண்டை போட்டிருப்பேன்.

"சரி," என்றேன்.

மணிக்கூண்டில் இருநூற்றுப் பன்னிரண்டு படி. இறங்கி வந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாசலில் இருந்த காவலாளியிடம் ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுந்தார். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினார். அது தலைகீழாக விழுந்தது. கோடு ஒரு நூல் விலகினால் மறுபடி வரையும் மனிதர், அதைப் பார்த்துச் சின்னப் பிள்ளை போலச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். டப்பாவைத் திறக்க வேண்டிய நேரம். பையின் ஜிப்பில் கை வைத்தேன்.

"வா வா, கட்டை வண்டி," என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார்.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. திரும்பிப் பார்க்கட்டும், கொடுக்கிறேன். ஒரே ஒரு தடவை, நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்த்தால் போதும். அது பெரிய கேள்வியாக எனக்குப் படவில்லை.

அந்தப் பாலம் உங்களுக்குத் தெரியும். கல் பாலம், நடப்பவர்களுக்கு மட்டும், அம்பு விட்டது போல நேராகப் போகும். முத்திரைப் பெட்டி அக்கரையில். அவர் ஏறினார். நான் இக்கரையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். பத்தடி இருபதடி ஆயிற்று. அவர் முதுகு சிறிதாகிக்கொண்டே போனது. ஐம்பது. நடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கைப்பிடிச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் போனார். நான் பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை. பாலத்தின் நடுவில் நின்றுவிட்டார்.

உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தில், அவர் திரும்பி ஒரு கையைத் தூக்கினார், அங்கேயே இரு என்று சைகை காட்டினார், அதனால் இருந்துவிட்டேன் என்று சொன்னேன். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். அந்த வாக்கியத்தை மாற்ற வேண்டும்.

அவர் திரும்பினார். அது உண்மை. என்னைத் தேடினார். கூட்டத்தில் முதலில் கண்ணில் படவில்லை, பிறகு பட்டேன். ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது. மற்றக் கையைத் தூக்கினார். நான் எழுந்து நின்றேன். அவருக்கு அது தெரிந்தது என்று நினைக்கிறேன். ஒரு கை தூக்கினால் நான் வரமாட்டேன் என்பது, அந்த நிலையிலும், அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. சுவரைப் பிடித்திருந்த கையை விட்டார். அதையும் தூக்கினார். இரண்டு கையும் தலைக்கு மேலே. இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு.

பெஞ்சுக்குப் பக்கத்தில் ஐஸ்கிரீம் வண்டி ஒன்று நின்றது. நான் அதன் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பிடி விட்டதால்தான் விழுந்தார். பின்மண்டை கல்லில் பட்டது. ஆட்கள் ஓடினார்கள். நானும் போனேன், என் வேகத்தில். ஓடி வந்தவர்களில் ஒரு பெண், "சர்க்கரைக்காரரா இருந்தா இனிப்பு குடுக்கணும், ஏதாவது வெச்சிருக்கீங்களாம்மா?" என்று அவசரமாகக் கேட்டாள். இல்லை என்றேன். பை என் தோளில்தான் இருந்தது. டப்பாவை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மேல் தாள்கூடப் பிரிக்கவில்லை.

நான் களைத்துப்போயிருந்தேன். காலையிலிருந்து அவ்வளவு நடை. எந்த மனுஷியும் களைத்துப்போவாள். இதை எழுதும்போதும் அப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அந்த வண்டிக்குப் பின்னால் போகப் பதினைந்தடி நடந்தேன். அதற்கு எனக்குத் தெம்பு இருந்தது.

அவர் நடையாலோ சீட்டாலோ சாகவில்லை. என்னைக் கூப்பிட்டார், நான் போகவில்லை. கொன்றது நான். இதை என் மகளிடம் நீங்களே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். எனக்கு வாய் வரவில்லை. அவள் மேல் தவறில்லை என்பதை மட்டும் முதலில் சொல்லுங்கள்.

மற்றபடி இங்கே எல்லாம் வழக்கம் போலத்தான். மதியம் சரியாக ஒரு மணிக்கு எனக்குப் பசிக்கிறது.