பின்பக்கம் மூடின ஆல்பம்

அக்கா: இல்லண்ணே, இது வேண்டாம். எடுத்து உள்ள வச்சிடுங்க.

கடைக்காரர்: அம்மா, முழுசாப் பாக்கவே இல்லியே... அமெரிக்கக் காசுக்குன்னே செஞ்சது. ஒரு டிசைனுக்கு ஒரு ஓட்டை, கீழ அதோட பேரு. ரெண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பட்டை. தாளைத் திருப்பினாப் போதும், காசோட பின்பக்கமும் பளிச்சுன்னு...

அக்கா: அதான் வேண்டாங்கிறேன்.

கடைக்காரர்: எது?

அக்கா: அந்த... பிளாஸ்டிக். ரெண்டு பக்கமும் எதுக்கு? முன்பக்கம் தெரிஞ்சா ஆச்சு.

தம்பி: எனக்கும் பிளாஸ்டிக் வேண்டாம்.

அக்கா: பாத்தீங்களா! பொறந்ததுலேர்ந்து முதல் தடவையா என் தம்பி என் பேச்சுக்குத் தலையாட்டுறான்.

கடைக்காரர்: காசு சேக்கிறது யாரு, சாரா?

தம்பி: எங்க அப்பா. ஆஸ்பத்திரியில இருக்கார்.

அக்கா: கண்ணு ஆபரேஷன். ஒரு கண்ணு முன்னாடியே போயிடுச்சு. மிச்சம் இருந்த கண்ணுல பண்ணியிருக்காங்க. நாளைக்குக் காலையில கட்டுப் பிரிக்கிறாங்க. பிரிச்சதும் முதல்ல என் காசுங்களைத்தான் பாப்பேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறார். பெத்த பிள்ளைங்க முகமெல்லாம் அதுக்கப்புறமாம்.

கடைக்காரர்: இந்தப் பைத்தியம் பிடிச்சவங்க எல்லாரும் அப்படித்தாம்மா. எத்தனை காசு இருக்கு?

அக்கா: நாப்பத்தொண்ணு. கப்பல்ல சமையல் வேலை பாத்தார். அமெரிக்காவுல இறங்கின துறைமுகத்துல எல்லாம் மார்க்கெட்டுக்குப் போறாரோ இல்லையோ, பழங்காசுக் கடைக்குப் போயிடுவார். ஒரு டிசைனுக்கு ஒண்ணே ஒண்ணு, ரெண்டாவது வாங்க மாட்டார். எல்லாம் இந்த பிஸ்கட் டப்பாவுலதான்... தனித்தனிக் காகித உறையில.

கடைக்காரர்: அப்ப நாளைக்கு உங்க வீட்டுல கொண்டாட்டம்தான்.

அக்கா: பின்ன?

கடைக்காரர்: சாருக்கும் சந்தோஷம்தானே?

தம்பி: ம்? ஆமா... ஆமா. வேற ஆல்பம் காட்டுங்க.

கடைக்காரர்: இதைப் பாருங்க. பின்பக்கம் அட்டை, மூடிடும். முன்பக்கம் மட்டும் பிளாஸ்டிக்.

அக்கா: இது! இதைத்தான் கேட்டேன். பில் போடுங்க.

தம்பி: இரு அக்கா, அவசரப்படாதே. இதுலயும் பிளாஸ்டிக் இருக்கே.

அக்கா: முன்னாடி இருந்தா என்ன? தூசி விழாது.

தம்பி: பிளாஸ்டிக்கே இல்லாம எதுவும் இல்லையாண்ணே?

கடைக்காரர்: இருக்கு... ஆனா உங்க அப்பா மாதிரி ஆளுக்கு நான் அதைத் தர மாட்டேன் சார். இதோ, வெறும் கெட்டி அட்டை. ஓட்டையில காசை வச்சு அழுத்தணும், பிடிச்சுக்கும். பின்பக்கம் மூடியிருக்கும், ஆனா மேல ஒண்ணும் கிடையாது. விரல் பட்டாக் காசு கறுத்துடும்.

தம்பி: இதைக் கொடுங்க.

அக்கா: டேய்! அவர் சொல்றது காதுல விழுதா இல்லையா? நகத்தால நெம்பினாக் காசு கையோட வந்துடும்!

தம்பி: வரட்டுமே. அப்பா காசுதானே, அப்பா எடுத்துப் பாக்கட்டும்.

அக்கா: எடுக்கக் கூடாது!

தம்பி: ஏன்?

அக்கா: ஏன்னா... எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். சின்ன வயசுல நீ ஒரு காசு முகத்துல விரல் வச்சதுக்கு எத்தனை அடி வாங்கினே, ஞாபகம் இருக்கா? ஓரத்தைப் பிடி, ஓரத்தைப் பிடின்னு காட்டுக் கத்தல். அந்த மனுஷனுக்குப் போயி திறந்த ஆல்பமா?

தம்பி: காசுக்கும் கொஞ்சம் காத்து வேணும்கா.

அக்கா: காத்தா! அண்ணே, காசு மூச்சு விடுமா?

கடைக்காரர்: என்னை விட்டுடுங்கம்மா...

அக்கா: சப்பைக்கட்டு கட்டாதடா. எனக்குத் தெரியாதா உன்னை? ரெண்டு நாளா நீ முகம் கொடுத்துப் பேசலை. அப்பா பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடறே. இப்ப காசு சுலபமா வெளிய வர்ற ஆல்பம் வேணும்னு அடம் பிடிக்கிறே...

தம்பி: என்ன சொல்ல வர்றே?

அக்கா: ஒவ்வொண்ணா உருவி வித்துடலாம்னு பாக்குறியா?

தம்பி: அக்கா!

அக்கா: சொல்லு. கேக்குறேன்ல?

தம்பி: என்னைப் பாத்தா உனக்குத் திருடனாத் தெரியுதா... சரி. நான் கேக்கறதுக்கு நீ பதில் சொல்லு. உள்ள வந்ததுலேர்ந்து பின்பக்கத்தை மூடணும், பின்பக்கத்தை மூடணும்னு ஒரே குறியா இருக்கியே, எதுக்கு?

அக்கா: நான் எங்க சொன்னேன்?

தம்பி: டப்பாவைக் கொடு.

அக்கா: எதுக்கு?

தம்பி: எதுக்கு அதை மார்போட அணைச்சுக்கிட்டு நிக்கிறே? பஸ்ஸுலயும் இப்படித்தான் உக்காந்திருந்தே. கொடுக்கா.

அக்கா: மாட்டேன்... விடுடா, எல்லாம் கொட்டிடும்!

கடைக்காரர்: அம்மா, சார்... மத்தவங்க பாக்கறாங்க. எந்த ஆல்பமா இருந்தாலும் ஓட்டை பொருந்துதான்னு ஒரு காசை வச்சுப் பாத்துத்தான் ஆகணும். ஒண்ணே ஒண்ணு கொடுங்க.

அக்கா: ...நானே வைக்கிறேன்.

கடைக்காரர்: ஓரத்தைப் பிடிச்சு என் கையில வைங்க... அடடா! தலையில இறகு செருகின முகம். அஞ்சு சென்ட். இத்தனை வருஷத்து மங்கல் அப்படியே இருக்கு பாருங்க, இதுக்குத்தான் விலை. பின்னாடி காட்டெருமை நிக்கும். அது திமில் தேயாமக் கிடைக்கிறதுதான் குதிரைக் கொம்பு...

அக்கா: திருப்பாதீங்கண்ணே!

கடைக்காரர்: ...ஐயையோ.

தம்பி: என்ன ஆச்சு? ஏன் இப்படிப் பளபளன்னு...

கடைக்காரர்: தேய்ச்சிருக்காங்க சார். யாரோ நல்லாத் தேய்ச்சுக் கழுவியிருக்காங்க. பழங்காசுக்கு இதைவிடக் கெடுதல் வேற இல்லை... இருங்க. போன வாரம் ஒரு அம்மா போன் பண்ணினாங்க. பற்பசை போட்டு எல்லாக் காசுக்கும் ஒரு பக்கம் தேய்ச்சாச்சு, மறுபக்கமும் அதுலயே தேய்க்கலாமான்னு. நான்கூட ரெண்டு வார்த்தை கோபமாப் பேசிட்டேன்...

அக்கா: ரெண்டு வார்த்தையா?

கடைக்காரர்: ...நீங்கதானா அது!

அக்கா: ஊர்ல ஆல்பம் விக்கிற கடை உங்களோடது ஒண்ணுதானே... குரலை வச்சுக் கண்டுபிடிச்சிடுவீங்களோன்னுதான் சீக்கிரம் பில் போடச் சொன்னேன்.

தம்பி: நாப்பத்தொண்ணையுமாக்கா?

அக்கா: நாப்பத்தொண்ணையும். அப்பா ஆபரேஷனுக்குப் போன அன்னைக்கு. நீ அங்க இருந்தே, நான் வீட்டுல தனியா... பயமா இருந்துச்சுடா. கை சும்மா இருக்கலை. கட்டைப் பிரிச்சதும் அவர் பாக்கற முதல் பொருள் ஜொலிக்கணும்னு தோணுச்சு. பின்பக்கத்துல பண்ணிப் பாப்போம், நல்லா வந்தா முன்பக்கமும் பண்ணலாம்னு... நல்லா வந்துச்சுன்னு நினைச்சேன். சந்தோஷத்துல இவருக்குப் போன் பண்ணினேன். பாவி நான்.

தம்பி: திமில்?

அக்கா: என்ன?

தம்பி: எருமைத் திமில் தேஞ்சு போச்சா?

அக்கா: இல்லடா, மெதுவாத்தான் தேய்ச்சேன்... மேல இருந்த மங்கல்தான் போச்சு...

தம்பி: அதைக் கொடுங்கண்ணே.

கடைக்காரர்: சார், ஓரத்தைப் பிடிங்க... சார்! கட்டை விரலை வச்சு அழுத்தறீங்களே!

தம்பி: இருக்கு. திமில் இருக்கு... கொம்பு இருக்கு. கால் கூடத் தனித்தனியாத் தெரியுது. போதும்.

அக்கா: என்னடா போதும்? நீ என்னைத் திட்டுவேன்னு பாத்தா... நாலு வார்த்தை திட்டேன்டா. நாளைக்கு நான் அவர் முன்னாடி எப்படி நிப்பேன்?

தம்பி: அவருக்குத் தெரியாதுக்கா.

அக்கா: தெரியாதா? கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கற ஆளு! ஒரு காசு இடம் மாறியிருந்தா மூடியைத் திறந்ததுமே கண்டுபிடிப்பார். கட்டைப் பிரிச்ச நிமிஷமே தெரிஞ்சிடும். ஆயுசு முழுக்க சேத்ததை என் பொண்ணே பாழாக்கிட்டான்னு...

தம்பி: அழாதே. உன் மேல அவருக்குக் கோபமே வராது.

அக்கா: எப்படிடா சொல்றே? எதை வச்சுச் சொல்றே? மென்னு முழுங்காம சொல்லு!

தம்பி: முந்தாநாள் டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டார்க்கா... நாளைக்குக் கட்டைப் பிரிப்பாங்க, ஆனா பார்வை வராதாம். இனி எப்பவுமே வராதாம். அப்பாகிட்ட இன்னும் சொல்லலை, உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னும் தெரியலை... அண்ணே, பிளாஸ்டிக் இல்லாத ஆல்பத்தையே கொடுங்க. எருமைப் பக்கம் மேல இருக்கிற மாதிரி வைங்க... அந்தத் திமிலை அவர் விரல் கண்டுபிடிச்சுக்கும்.