கட்டைவிரல் தூரம்

பதினேழு மணி நேரம் சார்! கட்டைவிரல் அகலத்துக்குப் பதினேழு மணி நேரம்! நியாயமா இது? … இல்ல இல்ல, நீங்க காலை நீட்டிக்கோங்க, எனக்கு இடம் இருக்கு. ரயில்காரனைச் சொல்லல சார், மேப் போடறவங்களைச் சொல்றேன். நீங்க சர்வேயர்னு சொன்னதுமே எனக்குச் சுருக்குன்னுச்சு. தோள்ல மாட்டியிருக்கீங்களே, அந்த நீள டப்பாவுக்குள்ள இருக்கறதெல்லாம் மேப்புதானே? ஆங்… உங்க கூட்டம்தான் சார் என் குடியைக் கெடுத்தது. கோவிச்சுக்காதீங்க, பிஸ்கட் எடுத்துக்கோங்க.

எனக்கு ஒரே பொண்ணு. வரன் பாக்க ஆரம்பிச்சப்பவே சொல்லிட்டேன், பையன் நெட்டையோ குட்டையோ, பக்கத்துல இருக்கணும். நெனச்ச நேரத்துக்குப் போய்ப் பாத்துட்டு வரணும். அவ்வளவுதான் என் ஆசை. பெரிய ஆசையா, சொல்லுங்க? ரெண்டு வரன் வந்துச்சு. ஒண்ணு, கண்ணாடிக்கடைக்காரர் பையன். இன்னொண்ணு இப்ப மாப்பிள்ளையா இருக்காரே, இவரு. பேங்க்ல வேலை. நாங்க இப்ப இருக்கற ஊருக்குக் குடிவந்து அப்ப மூணு மாசம்தான். எனக்குக் கிழக்கு எது மேற்கு எதுன்னே தெரியாது. சரி, யாரையும் நம்பவேணாம், நாமளே அளந்துடுவோம்னு உக்காந்துட்டேன்.

போன்லயா? அதை விடுங்க சார்! தொட்டா பெருசாகுது, கிள்ளினா சிறுசாகுது. இப்ப இருந்த ஊரு அடுத்த நிமிஷம் காணாமப் போகுது. அதை நம்பிப் பொண்ணைக் குடுக்க முடியுமா? காகிதம்னா ஆடாது அசையாது. சமையக்கட்டு அலமாரிக் கதவுல எங்க ஊர் மேப் ஒட்டியிருக்கும். அதுல கண்ணாடிக்கடைக்காரர் வீட்டை அளந்தேன். ஒரு முழு சாண்! டைரிக் கடைசிப் பக்கத்துல நாடு மொத்தத்துக்கும் ஒரு மேப். அதுல மாப்பிள்ளை ஊரை அளந்தேன். கட்டைவிரலை வச்சா இந்தாண்ட நம்ம ஊரு, அந்தாண்ட அவரு ஊரு. முடிஞ்சுது! சாண் பெருசா, கட்டைவிரல் பெருசா? சின்னக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

எங்க வீட்டுக்காரர் வந்து, “கண்ணாடிக்கடைக்காரர் நம்ம ஊர்லயே இருக்கார்டி”ன்னார். “ஊரு பெருசுங்க, நீங்க சும்மா இருங்க”ன்னேன். முப்பது வருஷமா சும்மா இருந்து பழக்கம், இருந்துட்டார்.

கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து எறங்கினப்ப எல்லாரும் துவண்டுபோயிருந்தாங்க. ரோடு சரியில்ல போலன்னு நெனச்சேன்! பொண்ணைக் கொண்டுவிட ரயிலேறினேன் பாருங்க, அப்பத்தான் தெரிஞ்சுது. மத்தியானத்துக்குள்ள வந்துடும்னு ஜன்னல் பக்கமே உக்காந்திருக்கேன், மறுநாளே விடிஞ்சுடுச்சு.

அந்தக் கண்ணாடிக்கடைக்காரர் பையன் எங்க எதிர்வீட்டுப் பொண்ணையே கட்டிக்கிட்டான் சார். அவ தினம் சாயங்காலம் ஸ்கூட்டர்ல வந்து எறங்கறா. பத்து நிமிஷமாம்! அம்மாவும் பொண்ணும் வாசல்ல உக்காந்து சிரிக்கிற சத்தம் என் சமையக்கட்டு வரைக்கும் கேக்குது. எனக்கு வயிறு எரியுது, பொய் சொல்லல. அங்க என் பொண்ணுக்கு முந்தாநேத்து குழந்தை பொறந்திருக்கு. நான் இன்னும் முகத்தைக்கூடப் பாக்கல.

ரெண்டு மேப்பையும் கிழிச்சுப் பையிலயே வச்சிருக்கேன், சாட்சிக்கு. இந்தாங்க, நீங்களே பாருங்க… எங்க? அடியிலயா? அந்தப் பொடி எழுத்தா? அச்சடிச்சவன் பேருன்னுல்ல நெனச்சேன்! என்ன போட்டிருக்கு? ஊர் மேப்ல ஒரு சென்டிமீட்டர்னா நூறு மீட்டர்… சரி. டைரில ஒரு சென்டிமீட்டர்னா நானூறு… கிலோமீட்டரா! ஏன் சார், ஒரே சென்டிமீட்டர், மேப்புக்கு மேப் வேற கணக்கா? எல்லாத்தையும் ஊர் மேப் கணக்குலயே போட்டா என்ன? … நாடு மொத்தத்துக்கும்னா பன்னெண்டு ரயில்பெட்டி நீளத்துக்குக் காகிதம் வேணுமா? வேணும்னா போடுங்களேன்! மடிச்சு வச்சுக்கறோம். போர்வையெல்லாம் மடிக்கலியா நாங்க?

என்ன கேட்டீங்க? நான் அளந்ததை என் பொண்ணு பாக்கலியான்னா? பாத்தாளே! பக்கத்துலயேதான் நின்னா. படிச்ச பொண்ணு சார் அவ, கணக்கு டீச்சர். ஏழாங்கிளாசுக்கு… போர்டுல மேப் வரைஞ்சு, சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்னு… அந்தப் பாடத்துக்கு வீட்ல உக்காந்து பேப்பரெல்லாம் திருத்துவா. நான் பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டிருப்பேன். காதுல பஞ்சு வச்சிருப்பா, எப்பப் பாத்தாலும் காதுவலி அவளுக்கு.

… இருங்க சார்.

அப்ப அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்ல? நான் கட்டைவிரலை அழுத்தி வச்சுக்கிட்டு “பாத்தியாடி”ன்னப்ப, அந்தப் பொடி எழுத்தை அவ படிச்சிருப்பால்ல? என் முகத்தையே கொஞ்ச நேரம் பாத்தா. “உன் விரல் சொன்னா சரிதாம்மா”ன்னா. எவ்வளவு அடக்கமான பொண்ணுன்னு அன்னைக்கு நான் அழுதே போயிட்டேன் சார்.

நேத்துகூட போன்ல, “அவசரமில்லம்மா, மெதுவா வா”ன்னா…

என்ன சார், எழுந்துட்டீங்க? தண்ணி குடிக்கவா? போயிட்டு வாங்க, வாங்க… தண்ணி குடிக்க அந்த டப்பா எதுக்கு சார்? சூட்கேஸையுமா எடுக்கறீங்க? என்னது, பக்கத்துலதான் போறீங்களா?

ம்… என் பொண்ணும் கெளம்பறப்ப அதையேதான் சார் சொன்னா. “பக்கத்துலதாம்மா”ன்னு.